ஊட்டிய கை

டெஸ்ட் நாள் காலையில் சம்பந்தம் இரண்டு ஆள் வேலை பார்ப்பார். தன் பல்லைத் துலக்கிவிட்டு மனைவி கெங்கம்மாளின் பல்லையும் துலக்குவார். அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சிக்கெடுத்துப் பின்னல் போடுவார். தன் வேட்டியை எப்படியோ சுற்றிக்கொள்வார். அவள் புடவைக் கொசுவத்தை மட்டும் நீவி நீவி மடித்துச் செருகுவார். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைத்தறியாத மனிதர். அவர் ஊரான பருத்திப்பட்டில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் இட்லித் தட்டை வைப்பார். இட்லியை அவர்தான் ஊட்டி முடித்திருப்பார். கடைசித் துண்டு ஒன்றை மட்டும் தட்டில் மிச்சம் வைத்து, அவளுடைய வலது கை விரல்களில் கொஞ்சம் சட்னியை எடுத்துப் பூசுவார். பார்க்கிறவர்களுக்கு, இந்த அம்மாள் இப்போதுதான் தன் கையால் சாப்பிட்டு முடித்தாள் என்று தோன்றவேண்டும்.

"எதுக்குய்யா இதெல்லாம்?" என்பாள் கெங்கம்மாள். வாதம் வந்ததிலிருந்து அவள் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"சும்மா இரு மே. கீழ அனுப்பிச்சிடுவாங்க."

வேப்பம்பட்டு ரயில்வே கேட்டைத் தாண்டி, பிளாட் போட்டுக் கல் நட்டிருந்த பழைய வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்த முதியோர் இல்லம். இருப்பவர்கள் அதை ஹோம் என்றார்கள். தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கு மாடி. அங்கே ஜன்னல் வைத்த அறைகள் உண்டு. ஜோடியாக வந்தவர்கள் சேர்ந்தே இருக்கலாம். செய்துகொள்ள முடியாதவர்களுக்குக் கீழ் ஹால். அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சமையல்கட்டு. மாதம் ஒருமுறை பவித்ரா சிஸ்டர் மாடிக்கு வந்து ஒவ்வொருவரையும் பார்ப்பாள். எழுந்து நடக்கிறார்களா, குளிக்கவும் உடுத்தவும் சாப்பிடவும் பாத்ரூம் போகவும் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வாள். அதைத்தான் எல்லாரும் டெஸ்ட் என்றார்கள். தேறாதவர்கள் மூட்டை முடிச்சோடு கீழே போகவேண்டும். அப்படிப் போன ஒருவர் திரும்பவும் மாடி ஏறியதைச் சம்பந்தம் பார்த்ததில்லை.

சம்பந்தத்துக்கு டெஸ்ட் புதிதல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். வெளியிலிருந்து ஆடிட் வரும் நாளில் டிரேயில் நல்ல பீஸாகப் பார்த்து மேலே அடுக்குவார். சந்தேகப்பட்டதெல்லாம் அடியில் போகும். ஆடிட்டர் தொழிலாளியைக் கேள்வி கேட்டால், அவன் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லியிருப்பார். 'ஆடிட்டர்னா யாரு? நாம காட்டுறத பாத்துட்டு டீ குட்ச்சிட்டுப் போறவன்' என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவரை மிஞ்ச எஸ்டேட்டில் ஆள் கிடையாது.

கெங்கம்மாளுக்கு லேசாகத்தான் வாதம் வந்திருந்தது. வலது கையும் காலும் மந்தமாயின, அவ்வளவுதான், விழுந்துவிடவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் மகன் கிருபாகரன் இந்த ஹோமைத் தேடிச் சேர்த்துவிட்ட புதிதில், அவள் தானாகவே சாப்பிட்டாள். ஒரு கவளம் வாய்க்குப் போய்ச் சேர நேரமாகும், பாதி மடியில் சிந்தும், ஆனாலும் போய்ச் சேரும். மெதுவா ஆனாலும் அவங்களே செய்யட்டும் என்று டாக்டரும் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் சாப்பாட்டு அறையில் எதிர் மேஜையில் இருந்த ஒரு பெரியவர், சட்டையெல்லாம் சாம்பாராக உட்கார்ந்திருந்தவர், அடுத்த டெஸ்ட்டிலேயே கீழே போய்விட்டார். சம்பந்தம் அதைக் கவனித்துக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு அவர்கள் அறைக்கே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவரே ஊட்டினார்.

முதலில் ஊட்டுவது மட்டும்தான். பிறகு ரவிக்கைக் கொக்கி, பிறகு தண்ணீர் டம்ளர், பிறகு கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தது. கடைசியில் கெங்கம்மாள் தாகம் எடுத்தால்கூடக் கையை நீட்டுவதில்லை. அவரைப் பார்த்து வாயைத் திறப்பாள். உண்மையைச் சொன்னால், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இத்தனை வருஷம் அவள் கையால் தின்ற கடனை அடைக்கிறோம் என்று நினைத்தார்.

"பாட்டி, நீங்களேதானே சாப்பிடறீங்க?" என்று பவித்ரா சிஸ்டர் கேட்பாள். விழுப்புரத்துப் பக்கத்துப் பெண். நல்ல மாதிரி, ஆனால் எப்போதும் அவசரம்.

"அவளேதான் சிஸ்டர். நீங்க வேற. ரெண்டு இட்லி பத்தலேன்னு என் தட்டுலருந்து எட்த்துக்கறா."

"நான் பாட்டியைக் கேட்டேன் தாத்தா."

சம்பந்தம் லேசாகக் கனைப்பார். கெங்கம்மாள் சட்னி விரலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பாள். சிஸ்டர் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். இப்படியே மாதங்கள் ஓடின.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். அதற்காக ஒரு நாள் காலையில் சம்பந்தம் மின்சார ரயில் பிடித்துப் பட்டாபிராமுக்குப் போனார். டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. போகுமுன் கெங்கம்மாளுக்கு எல்லாம் செய்து முடித்து, "நான் வர வரைக்கும் யாரு வந்தாலும் தூங்கற மாறி பட்த்துக்கோ, இன்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அங்கே கைரேகை மெஷின் அவர் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. துடைத்துத் துடைத்து வைத்து, ஒரு வழியாக அவர் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டது. திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அறையில் கெங்கம்மாளின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

பவித்ரா சிஸ்டர் லீவில் போவதால் டெஸ்ட்டை முன்கூட்டியே வைத்துவிட்டாளாம். "நீங்க பக்கத்துல இருந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு தாத்தா. இன்னைக்குத் தட்டைக் கொண்டுவந்து முன்னால வெச்சேன். பாட்டி வாயைத் திறந்துகிட்டு என்னையே பாக்கறாங்க. ஒரு வாய் எடுத்துச் சாப்பிடல. எழுந்திருங்கன்னா ரெண்டு கையையும் நீட்டறாங்க, தூக்கிவிடச் சொல்லி."

"நான் பாத்துக்கறேன் சிஸ்டர். நான்தானே பாத்துக்கினு கீறேன். ஒங்களுக்கு இன்னா தொந்தரவு?"

"நீங்க பாத்துக்கறீங்கன்னா, அவங்களால முடியலேன்னுதானே தாத்தா அர்த்தம்?"

எத்தனையோ ஆடிட்டரை மடக்கியவர். இந்தப் பெண் ஒரே கேள்வியில் அவரை மடக்கிவிட்டாள்.

கீழ் ஹாலுக்கு மாடிக்காரர்கள் மாலை டீக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் போகலாம். பெண்கள் ஹாலில் உடை மாற்றுவார்கள், உடம்பு துடைப்பார்கள் என்பதால் ஆண்களுக்கு அதிலும் கெடுபிடி. சம்பந்தம் போனபோது கெங்கம்மாளுக்கு நைட்டி போட்டுவிட்டிருந்தார்கள். அவர் பின்னிய பின்னலைக் காணோம்; பேன் வருமென்று கழுத்தோடு கத்தரித்திருந்தார்கள். அடுத்த நாள் போனபோது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டியா மே?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

சம்பந்தம் மடியிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து அவசர அவசரமாக உரித்து ஒரு துண்டை அவள் வாயில் வைக்கப் போனார். இரண்டு ஹாலுக்கும் சாப்பாடு கொண்டுவரும் அஞ்சலை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நைனா பண்றே? பட்த்துனு கீறப்போ குட்த்தா பொறை ஏறிக்கும். அப்பறம் யாரு பதில் சொல்றது?"

"ரெண்டு நாளா பட்டினியா போட்டு வெச்சிகீறீங்களே, அதுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"பட்டினியா? நான் தட்டு வெச்சிட்டுதான் போறேன். ஒக்கார முடிஞ்சவங்களுக்குத் தட்டு, பட்த்த படுக்கையா கீறவங்களுக்கு ஸ்பூனு. இத்தினி பேருக்கு நாங்க ரெண்டே பேரு, இன்னா பண்ணச் சொல்றே? ஆயா ஒக்காருது. ஆனா துன்ன மாட்டுது. ஆறிப்போய் அப்டியே கீது."

அன்றிரவு கிருபாகரனுக்குப் போன் செய்தார். "அப்பா, அங்க டிரெயினிங் எடுத்த ஸ்டாஃப் இருக்காங்க. நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றான். "உங்கம்மா பட்டினி கெடக்கறாடா" என்றார். "லீவு கேட்டிருக்கேன்பா, கிடைச்சதும் வந்துடறேன்" என்றான். அவன் அடுத்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தம் போனை வைத்துவிட்டார்.

நான் ஊட்டாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள். சாப்பிடாவிட்டால் செத்துப்போவாள். அவருக்கு இது கண்ணாடி மாதிரி தெரிந்தது. மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் புரியவில்லை. கீழே போகிற அந்தக் கொஞ்ச நேரம் போதாது, மூன்று வேளையும் பக்கத்தில் இருக்கவேண்டும். கீழே இருக்கவேண்டுமானால் கீழ் ஹால் ஆளாக வேண்டும். ஆண்கள் ஹால் வேறுதான்; ஆனால் ஒரே தளம்தானே, சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பெண்கள் ஹால், நடக்கத்தான் கால் இருக்கிறதே என்று கணக்குப் போட்டார். ஆயுள் முழுக்க ரிஜெக்ட் பீஸை நல்ல பீஸாகக் காட்டியவர், முதல்முறையாக நல்ல பீஸை ரிஜெக்ட்டாகக் காட்டத் துணிந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாடி முழுக்கக் குறட்டைச் சத்தம் கேட்கும் நேரம். பாத்ரூம் தரையில் போய் உட்கார்ந்தார். வேட்டியை நனைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் உடம்பு கேட்கவில்லை. சின்ன வயதில் அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய உடம்பு. முடியாது, முடியாது என்று அடம் பிடித்தது. கெங்கம்மாளின் திறந்த வாயை நினைத்துக்கொண்டார். வேட்டி நனைந்தது. கூடவே கண்ணும் நனைந்தது. வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "ஐயோ, வியுந்துட்டேன், யாராவது வாங்களேன்" என்று கத்தினார்.

ஓடிவந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். லீவிலிருந்து திரும்பிய பவித்ரா சிஸ்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது தப்பாகச் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கோணலாகப் போட்டுக் காட்டினார். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டி போனதும் இவரும் உடைஞ்சு போயிட்டாரு" என்று கூட இருந்தவளிடம் சொன்னாள். சம்பந்தத்துக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். நடித்து ஜெயித்துவிட்ட சந்தோஷம் கீழ் ஹால் கட்டிலில் படுக்க வைக்கும்வரை இருந்தது.

படுக்க வைத்ததும் கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பைத் தூக்கி மாட்டினார்கள். வேட்டியை அவிழ்த்து டயப்பர் கட்டினார்கள்.

"இதெல்லாம் வேணாம்ப்பா. நான் நடப்பேன்."

"விழுந்தவங்களுக்கு இதுதான் ரூல் தாத்தா. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் இறங்கணும்" என்றான் ஹால் பையன். இரண்டு பேர் ஒருசேரச் சும்மா இருக்கும் நேரம் கீழ் ஹாலில் கிடையாது என்பதைச் சம்பந்தம் சீக்கிரமே தெரிந்துகொண்டார்.

பக்கத்துக் கட்டில்காரர் சுலைமான். ஆவடி மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருந்தவர், மூன்று வருஷமாகப் படுக்கை. அவர் மெல்லச் சிரித்தார். "இங்க வர்ற அல்லாரும் அதத்தான் சொல்றது அண்ணாத்தே. நான் நடப்பேன், நான் நடப்பேன்னு. நானும் சொன்னேன்."

"இல்ல பாய். நான் நெஜமாவே நடப்பேன். பொய்யா வியுந்தேன்."

"நடந்தா இன்னா, நடக்கலேன்னா இன்னா? படு" என்று சுலைமான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பவித்ரா சிஸ்டர் வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "வேணும்னே வியுந்தேன் சிஸ்டர். வேணும்னே நனைச்சேன். கெயமகூட எனக்குத் தெரியும். அன்னிக்கு நாயித்துக்கெயமன்னு சொன்னேன், ஆனா அன்னிக்குப் புதன். என் பொஞ்சாதிக்கு நான் ஊட்டணும். என்னை எறக்கி உடுங்க."

"சரி தாத்தா" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள் சிஸ்டர். அதே ஹாலில், அரக்கோணம் வண்டிக்கு நேரமாச்சு என்று தினமும் செருப்பைத் தேடுகிற ஒருவருக்கும் இதே குரலில்தான் அவள் சரி தாத்தா சொல்வாள். சம்பந்தத்துக்கு அது நினைவுக்கு வந்தது. பொய்யை நம்பவைக்க முப்பது வருஷப் பழக்கம் இருந்தது. உண்மையை நம்பவைக்க ஒரு வழியும் தெரியவில்லை.

நடந்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு நாள் விடிந்ததும், பையன் டீ எடுக்கப் போன நேரத்தில், கம்பிக்கு மேலே ஒரு காலைத் தூக்கிப் போட்டார். இன்னொரு காலைத் தூக்கும்போது டயப்பரின் ஓரம் கம்பியில் மாட்டிக்கொண்டது. தலைகுப்புறப் போனார். இந்தத் தடவை ஐயோ என்று கத்தக்கூட மூச்சு வரவில்லை. பொய்யாக விழுந்தவர் மெய்யாகவே விழுந்தார்.

எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். இடுப்பு வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. அசையக்கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. கிருபாகரனுக்கு இன்னும் லீவு கிடைத்திருக்கவில்லை.

படுக்கை ஒரு ஆளை என்ன செய்யும் என்பது படுத்தவனுக்குத்தான் தெரியும். வலி குறைவதற்குள் தொடைச் சதை வற்றிப்போனது. முதலில் மூத்திரம் வந்தால் அடக்கிக்கொண்டு பையனைக் கூப்பிட்டார். பையன் வருவதற்குள் அது போய்விட்டது. பிறகு போன பிறகு கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அம்மா கிள்ளிப் பழக்கிய உடம்பு இவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் மறக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சாப்பாடு ஸ்பூனில் வந்தது. படுத்திருப்பவர் ஆயிற்றே. கொஞ்சம் உட்கார முடிந்த பிறகும் ஸ்பூன்தான் வந்தது. "நீ துன்னு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பொயுது சாஞ்சிடும் நைனா, ஆ காட்டு" என்பாள் அஞ்சலை. சாப்பாட்டு வண்டிச் சத்தம் கேட்டாலே அவர் வாய் திறந்துகொள்ளும்.

ஒவ்வொரு வேளையும் ஒரே கேள்வி. "ஆயா சாப்ட்டாளா அஞ்சல?"

"சாப்ட்டுது நைனா. தானே சாப்ட்டுது. இப்பல்லாம் வாக்கரு புட்ச்சி நடக்குது."

அவர் அதை நம்பவே இல்லை. ஆடிட்டர் கேட்டால் எல்லாம் ஓகே சார் என்று சொல்கிறவனின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? சாப்பிடாதவளைச் சாப்பிட்டாள் என்கிறார்கள். ஒரு நாள் செத்துப்போனாள் என்றும் சொல்லப்போகிறார்கள். இல்லை, ஏற்கெனவே செத்துப்போய், இவருக்கு மறைக்கிறார்கள். அந்த எண்ணம் வந்த நாளில் ஸ்பூனைத் தட்டிவிட்டு, "அவ செத்துட்டா, எங்கிட்ட மறைக்கறீங்க" என்று ஹால் அதிரக் கத்தினார். சுலைமான்கூடப் பயந்துபோய் ஏதோ ஓத ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், சிமென்ட் தரையில் டக், டக் என்று ஏதோ நெருங்கி வரும் சத்தம் கேட்டது. சம்பந்தம் தலையைத் திருப்பினார். வாசலில் கெங்கம்மாள் நின்றிருந்தாள். நைட்டியும் தோளில் ஒரு துண்டும். கழுத்தளவு வெட்டிய முடியை வாரியிருந்தது. வகிடு கோணலாக இருந்தது. யாரும் வாரிவிட்ட மாதிரி இல்லை. இரண்டு கையாலும் வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு கால், இன்னொரு கால் என்று அவள் கட்டில்களுக்கு நடுவே வந்தாள். பின்னால் பவித்ரா சிஸ்டர் தொடாமல் நடந்து வந்தாள்.

"யார் வந்திருக்காங்க பாருங்க தாத்தா! பாட்டி பாஸ். மாடிக்குப் போறாங்க. மேல லேடீஸ் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. கீழ வந்து திரும்பி மேல போற மொத ஆளு இவங்கதான்" என்றாள் சிஸ்டர். சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்திருந்தது. வேறு யாரோ கூப்பிட, "பேசிட்டு இருங்க, வந்துடறேன்" என்று ஓடினாள்.

கெங்கம்மாள் ஸ்டூலைக் காலால் இழுத்து, வாக்கரைப் பிடித்தபடியே மெள்ள உட்கார்ந்தாள். அவள் உயிரோடு இருந்தாள். சம்பந்தம் கம்பிக்கு நடுவில் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். சதை போட்டிருந்தது.

"யாரு மே உனக்கு ஊட்டனாங்க?"

"யாரும் ஊட்டல" என்றாள். பேச்சுகூட முன்னைவிடத் தெளிவாக வந்தது. "மொத மொத வாயத் தொறந்துகினே ஒக்காந்துகினு இருந்தேன். நீ வருவேன்னு. அப்பறம் நீ வர்ல. ஒர்த்தரும் வர்ல. ஊசில தண்ணி ஏத்துனாங்க, வவுறு கேக்கல. பசி இன்னா பசி! ஒரு நாளு பாத்தா, கை தானா தட்டுக்குப் பூடுச்சி."

சம்பந்தம் அவளுடைய வலது கையைப் பார்த்தார். வாக்கரின் பிடியைச் சுற்றி விரல்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த விரல்களில்தான் அவர் சட்னி பூசினார். யாரோ கன்னத்தில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

"அப்போ... நான்தானா மே?"

"ஆமா" என்றாள் கெங்கம்மாள். குரலில் கோபம் இல்லை. அவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லவும் இல்லை. "நீதான். உடு."

சாப்பாட்டு வண்டி உருண்டு வந்தது. அஞ்சலை அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, தட்டில் சாம்பார் சாதத்தைக் குழைத்துக்கொண்டு, ஸ்பூனை எடுத்தாள். ஸ்பூனைக் கண்டதும் சம்பந்தத்தின் வாய் திறந்துகொண்டது.

கெங்கம்மாள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். வாயை மூட நினைத்தார். நினைத்த பிறகும் மூடுவதற்கு நேரம் பிடித்தது.

"அத இங்க குடு" என்று கெங்கம்மாள் தட்டை வாங்கி, தடுப்புக்கு மேலாக அவர் மடியில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துச் சோற்றுக்குள் வைத்தாள். "சாப்டு."

விரல்கள் சோற்றில் சும்மா கிடந்தன. குவிக்கப் பார்த்தார்; குவியவில்லை. எப்படியோ கொஞ்சம் அள்ளித் தூக்கினார். நெஞ்சுவரை வந்ததும் கை நடுங்கி, எல்லாம் கழுத்தில் கட்டியிருந்த துண்டில் கொட்டிற்று. இன்னொரு தடவை தூக்கினார். அதுவும் கொட்டிற்று. மூன்றாவது தடவை கை எழும்பவே இல்லை.

"முடியல மே" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "ஒரே ஒரு வாய். நீ ஊட்டு மே."

கெங்கம்மாளின் கை வாக்கரை விட்டு எழுந்தது. தட்டுக்குப் போயிற்று. விரல்கள் சோற்றைத் தொட்டன. ஒரு கவளம் அளவுக்குத் திரட்டின. பிறகு அவள் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையை இழுத்து, மறுபடியும் வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்ட மாட்டேன்யா" என்றாள். உதடு துடித்தது. "நான் ஊட்னா நீ இங்கியே கெடப்பே. நீ மேல வர்ணும். எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும். நான் ஒக்காந்துனு கீறேன். நீ துன்னு."

அவர் கையை மறுபடியும் சோற்றில் வைத்தார். அவள் காத்திருந்தாள். அஞ்சலை ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். வண்டியில் இன்னும் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

"பாட்டி, வாங்க. ரூம் ரெடி. மேல சாப்பாடு ஆரம்பிச்சிட்டாங்க" என்று வாசலிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டாள்.

"இதோ, இவுரு துன்னுட்டும்."

"சாயங்காலம் வந்து பாக்கலாம் பாட்டி. மாடிக்காரங்களுக்கு டீக்கு அப்புறம்தானே நேரம். வாங்க."

கெங்கம்மாள் அவரைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள். வாக்கரை ஊன்றி, யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். "துன்னு, இன்னா? வுட்றாத. துன்னு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள். டக், டக் என்ற சத்தம் ஹாலைத் தாண்டிற்று, வராந்தாவைத் தாண்டிற்று, பிறகு வீல்சேர் போகும் சரிவில் மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது.

சம்பந்தம் காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே விரலைக் குவித்தார். நாலு பருக்கை ஒட்டிக்கொண்டது. கை மடியை விட்டுக் கொஞ்சம் எழும்பிற்று.

"நைனா, அந்தாண்ட அல்லாரும் பசியில கத்தினு கீறாங்க" என்றாள் அஞ்சலை. அவளும் கெட்டவள் இல்லை. அவர் மடியிலிருந்து தட்டை எடுத்து, அவர் விரல்களைத் துண்டில் துடைத்துவிட்டு, ஸ்பூனில் சோற்றை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆ காட்டு."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடினார். தலைக்கு மேலே, சரிவில் பாதி தூரத்தில், வாக்கர் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறிற்று. ஸ்பூன் அப்படியே நின்றது. சாம்பார் வாசனை மூக்கில் ஏறிற்று. பசித்தது.

சம்பந்தம் வாயைத் திறந்தார்.